எந்த நாட்டின் சட்டை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவென்றால் இலக்கியத்தைப் பற்றியோ, இசையைப் பற்றியோ, முன்னோர் பெருமையைப் பற்றியோ பேசுவது மரபு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ கால்பந்தாட்டம். அதிலும் ஆட்டத்தின் நுட்பமன்று, அதன் சட்டம். ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டின் அணியை விட்டு வேறொரு நாட்டின் அணியில் சேரலாமா, சேரலாமெனில் எப்போது, எத்தனை முறை என்பன பற்றி உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா வகுத்துள்ள விதிகளே நம் பொருள். தமிழ்ச் சங்க மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து.

இக்காலனியில் வளரும் நம் குழந்தைகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. “உனக்கு எந்த ஊர்?” என்பதே அது. பள்ளியில் கேட்கிறார்கள். கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றால் அங்கும் கேட்கிறார்கள். இங்கே ‘மதராஸி’ எனப்படும் பிள்ளை அங்கே போனால் ‘வடக்கேயிருந்து வந்த பிள்ளை’ ஆகிவிடுகிறது. நமக்கு இக்கேள்வி பேச்சளவில் நின்றுவிடுகிறது. ஆயின், நாடு விட்டு நாடு சென்று குடியேறியவர்களின் பிள்ளைகளுள் பந்தாட்டத்தில் வல்லவராய் விளங்குவோர்க்கு இதே கேள்வி சட்டமாக வந்து எதிரே நிற்கிறது. அவர்கள் எழுத்தில் விடை சொல்லவேண்டும். சொன்ன விடையைப் பின்னர் மாற்றுவதும் எளிதன்று. அவர்கள் கதையில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சாயல் இருக்கிறது என்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். கால்பந்தாட்டக்காரர் இருவகை அணிகளில் ஆடுகிறார். ஒன்று கழகம், அது தொழில். ஊதியம் பேசி ஒப்பந்தம் எழுதுவார்கள். நாளை வேறு கழகம் அதிக ஊதியம் தந்தால் அங்கே போவார்கள். அதில் குற்றம் காண்பார் இல்லை. மற்றொன்று நாட்டணி. அதில் ஊதியப் போட்டிக்கு இடமில்லை. அந்நாட்டுக் குடிமகனாக இருப்பதே தகுதி. நாட்டணியையும் கழகத்தைப்போல விலை பேசி வாங்கலாம் என்றால், செல்வம் மிகுந்த நாடே சிறந்த அணியை வைத்திருக்கும். உலகக் கோப்பைக்குப் பொருளே இராது. ஆகவேதான் இங்கே கண்டிப்பான விதி தேவைப்படுகிறது.

ஆயினும், இக்கண்டிப்பு தொடக்க முதலே இருந்ததன்று. ஃபிஃபா 1904-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நிறுவப்பட்டது. முதல் உலகக் கோப்பை 1930-இல் உருகுவே நாட்டில் நடந்தது. அதன் இறுதி ஆட்டத்தில் உருகுவேயிடம் தோற்ற அர்ஜெண்டினா அணியில் லூயிஸ் மோண்டி என்பவர் ஆடினார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1934-இல், அதே மோண்டி இத்தாலி நாட்டின் சட்டையை அணிந்து இறுதி ஆட்டத்தில் ஆடி வெற்றியும் பெற்றார். அவர் இத்தாலியிலிருந்து அர்ஜெண்டினாவுக்குக் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல். இரு நாடுகளுக்காக உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடியவர் இன்றளவும் அவர் ஒருவரே.

அவருக்குப் பின் வந்த மேதை ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ. பியூனஸ் அயர்ஸ் நகரில் பிறந்து, 1947-இல் அர்ஜெண்டினாவுக்காக 6 ஆட்டங்கள் ஆடினார். பின்னர்க் கொலம்பியாவின் சட்டையையும் அணிந்தார். 1957 முதல் 1961 வரை ஸ்பெயின் நாட்டுக்காக 31 ஆட்டங்கள் ஆடி 23 கோல்கள் அடித்தார். ஜோஸ் அல்டாபினி 1958-இல் பிரேசில் அணியோடு உலகக் கோப்பையை வென்று, 1962-இல் இத்தாலிக்காக ஆடினார். ஹங்கேரியின் பெரென்க் புஷ்காஷ் தம் நாட்டுக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்தவர். அவரும் 1962-இல் ஸ்பெயினுக்காக ஆடினார். இவர்களுள் புஷ்காஷின் நிலை சற்று வேறானது. 1956-இல் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சி சோவியத் படைகளால் நசுக்கப்பட்டபோது அவர் தம் கழகத்தோடு வெளிநாட்டில் இருந்தார். நாடு திரும்பாமல் தங்கிவிட்டார். ஒரே விதி, பிழைப்பை நாடிச் சென்றவர்க்கும் புகலிடம் நாடியவர்க்கும் ஒன்றுபோல வழிவிட்டது.

சட்டையை இவ்வாறு மாற்றுவது முறையன்று என்னும் எண்ணம் வலுப்பெற, 1960-களின் முற்பகுதியில் ஃபிஃபா கதவை அடைத்தது. ஒரு நாட்டுக்காக அதிகாரபூர்வமான பந்தயத்தில் ஆடியவர் பிறகு வேறு நாட்டுக்காக ஆடலாகாது என்பது விதியாயிற்று. ஒழுங்கு வந்தது. ஆனால், ஒழுங்குக்காகச் செய்த விதி எல்லார் வாழ்க்கைக்கும் ஒத்துவருவதில்லை.

நாடுகளே மாறும் காலம் உண்டல்லவா? அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், ரஷீத் மெக்லூபி, முஸ்தபா ஸிதூனி முதலிய அல்ஜீரியர்கள் பிரான்ஸ் நாட்டணியில் ஆடிவந்தார்கள். 1958-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. ஏப்ரல் மாதத்தில் அவர்களும் வேறு சில ஆட்டக்காரர்களும் பிரான்ஸை விட்டு இரகசியமாக வெளியேறி, விடுதலை இயக்கத்தின் அணியாகத் திரண்டார்கள். நாடே இல்லாத அணி அது. ஃபிஃபா அதை ஏற்கவில்லை. எனினும், அவர்கள் பல நாடுகளுக்குச் சென்று ஆடினார்கள். அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்றபின் மெக்லூபி தம் சொந்த நாட்டின் சட்டையை அணிந்தார். இவரை அணி மாறியவர் என்று எவரேனும் பழிப்பாரா? பிற்காலத்தில் கொசோவோ 2016-ஆம் ஆண்டு மே மாதம் ஃபிஃபாவின் உறுப்பாகச் சேர்ந்தபோதும் இதே நிலை எழுந்தது. அதுவரை அல்பேனியா முதலிய பிற நாடுகளின் சட்டையணிந்து ஆடிய கொசோவோ மைந்தர் சிலர் புதிய அணிக்கு மாற அனுமதி பெற்றனர். நாடு புதிதாகப் பிறந்தால் ஆட்டக்காரரும் மாறலாம் என்பது இன்று விதியிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இதனினும் பெரிய சிக்கல் வேறொரு வாயிலாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடஆப்பிரிக்காவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் ஐரோப்பாவுக்கு வேலை தேடிச் சென்றார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அந்நாட்டுப் பள்ளியில் படித்து, அந்நாட்டு மைதானத்தில் பந்து பழகினார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. பதினாறு, பதினேழு வயதில் பிறந்த நாட்டின் இளைஞர் அணிக்கு அழைப்பு வந்தது, மகிழ்ந்து போனார்கள். ஆனால், பெரியவர்களின் அணியில் இடம் கிடைக்கவில்லை. அப்போது தந்தையின் நாடு அழைத்தால், “நீ சிறுவனாக இருந்தபோதே அந்நாட்டுக்கு ஆடிவிட்டாய், இனி வர இயலாது” என்று விதி தடுத்தது. அறியாப் பருவத்தில் அணிந்த ஒரு சட்டை ஆயுள் முழுதும் கழற்ற முடியாத சட்டையாயிற்று.

இதை உணர்ந்து, 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. இளைஞர் அணியில் மட்டுமே ஆடியவர், இரு நாட்டுக் குடியுரிமையும் உடையவராயின், 21 வயது நிறைவதற்குள் ஒரே ஒரு முறை நாட்டணி மாறலாம் என்றது. இதனால் முதற்பயன் பெற்றவர் பிரான்ஸில் பிறந்து அந்நாட்டு இளைஞர் அணியில் ஆடிய அந்தார் யாஹியா. அவர் பெற்றோரின் நாடாகிய அல்ஜீரியாவுக்கு மாறினார். 2009-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், சூடான் நாட்டின் ஓம்டுர்மன் நகரில், எகிப்துக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல், 24 ஆண்டுகளுக்குப் பிறகு அல்ஜீரியாவை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றது. அதே 2009-ஆம் ஆண்டில் 21 வயது என்னும் எல்லையும் நீக்கப்பட்டது.

ஒரு கதவு திறந்த அதே 2004-இல் மற்றொரு கதவு மூடப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் ஆடிவந்த பிரேசில் ஆட்டக்காரர் சிலரைத் தன் குடிமக்களாக்கித் தன் அணியில் சேர்க்கக் கத்தார் நாடு முயன்றது. அவர்களுக்கும் கத்தாருக்கும் பிறப்பாலோ வாழ்க்கையாலோ யாதொரு தொடர்பும் இல்லை. நடுவில் நின்றது பணம் ஒன்றே. ஃபிஃபா உடனே தலையிட்டது. புதிதாகக் குடியுரிமை பெறுவோர் அந்நாட்டோடு மெய்யான தொடர்புடையவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது.

அந்த மெய்யான தொடர்பு யாது? புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டுக்காக ஆடவேண்டுமானால் நான்கு வழிகளுள் ஒன்று பொருந்தவேண்டும். அவர் அம்மண்ணில் பிறந்திருக்கவேண்டும். அல்லது அவரைப் பெற்ற தாயோ தந்தையோ அங்கே பிறந்திருக்கவேண்டும். அல்லது பாட்டன் பாட்டியருள் ஒருவர் அங்கே பிறந்திருக்கவேண்டும். அல்லது அவரே அங்கு நெடுநாள் வாழ்ந்திருக்கவேண்டும். எத்தனை நாள் என்பதற்கும் கணக்குண்டு. முதலில் 2 ஆண்டுகள் என்றிருந்தது. 2008-இல் 18 வயதுக்குப்பின் 5 ஆண்டுகள் என்றாயிற்று. 2020-இல் இன்னும் நுணுக்கமாக வகுத்தார்கள். பத்து வயதுக்குள் ஒரு நாட்டிற்கு வந்த குழந்தைக்கு 3 ஆண்டு வாசம் போதும். அதற்குமேல் வந்தவர்க்கு 5 ஆண்டுகள் வேண்டும். இக்கணக்கை நோக்குங்கள். குழந்தைப் பருவத்தில் ஓரிடத்துக்கு வந்தால் அம்மண் விரைவில் ஒட்டிக்கொள்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு ஊர் மாறி வந்த நாம் இதை அனுபவத்தில் அறிவோம். மூன்றாம் ஆண்டிலேயே பிள்ளை இவ்வூர் மொழியில் சண்டை போடத் தொடங்கிவிடுகிறது.

பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. கண்ணனுக்குத் தாய் யார் என்று கேட்டால் இருவரும் என்றே நாம் சொல்வோம். ஃபிஃபாவும் இருவரையும் ஏற்கிறது. ஆயின், இருவருள் யார் பெயரைச் சட்டையில் எழுதுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளவேண்டும் என்கிறது.

தேர்ந்துகொள்வதில் எவ்வளவு துன்பம் நேரக்கூடும் என்பதற்கு முனீர் எல் ஹதாதியின் வழக்கு ஒன்றே போதும். மொராக்கோ வழியினர், ஸ்பெயினில் பிறந்தவர். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், தம் 19-ஆம் வயதில், மாசிடோனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்பெயின் அணிக்காக இறங்கினார். ஆட்டம் முடிய 13 நிமிஷங்களே இருந்தன. ஸ்பெயினின் வெற்றியும் ஏறத்தாழ உறுதியாகிவிட்டிருந்தது. அதன்பின் ஸ்பெயின் அவரைப் பெரியவர்களின் அணிக்கு அழைக்கவே இல்லை. ஆனால், அது ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று, அதிகாரபூர்வமான பந்தயம். ஆகவே, அந்த 13 நிமிஷங்கள் அவரைக் கட்டிப்போட்டுவிட்டன. மொராக்கோ 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவர் ஸ்விட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று முறையிட்டார். மன்றம் மறுத்தது. அவ்வுலகக் கோப்பையில் மொராக்கோவும் ஸ்பெயினும் ஒரே பிரிவில் மோதின. இரண்டு நாடுகளும் தம்முடையவை எனக் கொண்டவர் இரண்டில் ஒன்றிலும் இல்லை.

இத்தகைய வழக்குகளே 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் விதியை மேலும் தளர்த்தின. பெரியவர்களின் அணியில் ஆடியவரும், 3 ஆட்டங்களுக்கு மேற்படாமல், 21 வயதுக்கு முன்னரே ஆடியிருந்து, அதன்பின் 3 ஆண்டுகள் கடந்திருந்தால் மாறலாம். முதன்முதல் ஆடிய காலத்திலேயே மறுநாட்டின் குடியுரிமையையும் அவர் பெற்றிருக்கவேண்டும். உலகக் கோப்பையிலோ, ஐரோப்பா, ஆசியா போன்ற ஒரு கண்டத்தின் கோப்பையிலோ இறுதிச் சுற்றுப் பந்தயத்தில் ஆடியிருக்கக் கூடாது. மாறும் உரிமை ஒரே முறை. முனீர் ஏழு ஆண்டுகளின் பின், 2021-இல், மொராக்கோவின் சட்டையை அணிந்தார்.

இங்கே நட்பு ஆட்டங்களின் நிலையையும் கூறவேண்டும். கோப்பைக்கோ தகுதிக்கோ ஆகாத நட்பு ஆட்டம் எவரையும் கட்டுவதில்லை. டியேகோ கோஸ்டா 2013-இல் பிரேசிலுக்காக இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு ஸ்பெயினுக்கு மாறினார். மறு ஆண்டு உலகக் கோப்பை பிரேசிலிலேயே நடந்தது. பிறந்த நாட்டின் மக்களே அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் கூச்சலிட்டுப் பழித்தார்கள். டெக்லன் ரைஸ் 2018-இல் அயர்லாந்துக்காக மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடி, 2019-இல் இங்கிலாந்துக்கு மாறினார். சட்டம் இவர்களுக்கு வழிவிட்டது. மக்கள் மனம் அவ்வளவு எளிதில் வழிவிடவில்லை.

அணி மாறுவோர் அறவழி நிற்பவரா, நன்றி மறந்தவரா என்பது நமக்குப் புதிய வழக்கன்று. விபீடணன் செய்தது சரியா, கும்பகருணன் செய்தது சரியா என்று நம் பட்டிமண்டபங்கள் எத்தனை ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன! செஞ்சோற்றுக் கடன் கழிக்கக் கர்ணன் துரியோதனன் பக்கமே நின்றான். பெற்ற தாய் நேரில் வந்து அழைத்தும் போகவில்லை. அவனை நாம் போற்றுகிறோம். விபீடணனையும் போற்றுகிறோம். ஒரே வீட்டில் பிறந்தவர் இரு பக்கம் நின்றால் இருவருக்கும் தக்க காரணம் இருக்கக்கூடும் என்பதை நம் காவியங்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன.

கால்பந்தாட்டத்திலும் அத்தகைய உடன்பிறந்தார் உண்டு. பெர்லின் நகரில் பிறந்த போவாட்டெங் சகோதரர் இருவர்க்கும் தந்தை ஒருவரே, அவர் கானா நாட்டவர், தாயர் வேறு. தம்பி ஜெரோம் ஜெர்மனிக்கும், அண்ணன் கெவின் பிரின்ஸ் கானாவுக்கும் ஆடினர். 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஜோஹானஸ்பர்க் நகரில் இருவரும் எதிரெதிரே நின்றனர். 2014-இல் மீண்டும் நின்றனர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கொசோவோ வழியினரான ஜாகா சகோதரர்களுள் மூத்தவர் தாவ்லந்த் அல்பேனியாவுக்கும், இளையவர் கிரானித் ஸ்விட்சர்லாந்துக்கும் 2016-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஆடினர். அவ்வாட்டத்தைக் காண வந்த அவர்கள் தாய், பாதி ஒரு நாட்டின் கொடியும் பாதி மற்ற நாட்டின் கொடியுமாகத் தைத்த சட்டையை அணிந்து அமர்ந்திருந்தார். கானாவிலிருந்து சஹாராப் பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினை அடைந்த பெற்றோரின் மக்களாகிய இனாக்கி வில்லியம்ஸ் கானாவுக்கும், நிக்கோ வில்லியம்ஸ் ஸ்பெயினுக்கும் 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடினர். இவர்களுள் எவர் நன்றி மறந்தவர் என்று எவ்வாறு சொல்வது?

மனம் ஒப்பி மாறுவோர் இருக்க, பொய்யால் மாற்றப்படுவோரும் உண்டு. விதி இளகினால் அதில் ஓட்டை தேடுவோர் வந்துவிடுகிறார்கள். கிழக்குத் திமோர் பிரேசிலில் பிறந்த 12 பேரைப் போலிச் சான்றுகளின் துணையோடு தன் அணியில் ஆடவைத்தது. ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் 2017-இல் அதைக் கண்டுபிடித்து, 2023-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் பந்தயத்திலிருந்து அந்நாட்டை விலக்கியது. மலேசியா 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வியட்நாமை நான்கு கோல்களால் வென்றது. அவ்வணியில் வெளிநாட்டில் பிறந்தவர் 7 பேர் இருந்தனர். அவர்களுடைய பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய சான்றுகள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மூலப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, அப்பெரியவர்கள் ஸ்பெயின், அர்ஜெண்டினா, பிரேசில், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டுத் தடையும், மலேசியச் சங்கத்துக்கு 3,50,000 ஸ்விஸ் பிராங்க் அபராதமும் விதித்தார்கள். பாட்டி பிறந்த ஊரை மாற்றி எழுதுவது மெய்யாகவே பாட்டியை உடையவர்களுக்குச் செய்யும் தீங்கு. ஒரு போலி பிடிபட்டால் அதன்பின் நேர்மையாளரின் சான்றும் ஐயத்தோடு நோக்கப்படுகிறது அல்லவா?

விதி நேர்மையாகப் பயன்பட்டால் என்ன விளையும் என்பதற்கு 2022-ஆம் ஆண்டில் மொராக்கோ சான்றாயிற்று. அந்நாட்டு அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். கோல் காவலர் யாசின் பூனோ கனடாவில் பிறந்தவர். ஹக்கீம் ஜியேஷ் நெதர்லாந்தில் பிறந்தவர். அஷ்ரப் ஹக்கீமி மாட்ரிட் நகரில் பிறந்தவர். பயிற்சியாளர் வலீத் ரெக்ராகி பிரான்ஸில் பிறந்தவர். டிசம்பர் 6-ஆம் நாள் ஸ்பெயினுடன் நடந்த ஆட்டம் கோலின்றி முடிந்து பெனால்டி உதைகளில் தீர்வாயிற்று. பூனோ இரண்டு உதைகளைத் தடுத்தார். வெற்றி உதையை மெல்லத் தூக்கி வலைக்குள் விட்டவர், ஸ்பெயினின் தலைநகரில் பிறந்து வளர்ந்த ஹக்கீமி. பின்னர்ப் போர்ச்சுகலையும் வென்று அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க நாடு என்னும் பெருமையை மொராக்கோ பெற்றது. வேலை தேடிப் பிறநாடுகளுக்குப் போன ஏழைகளின் பிள்ளைகள், தாமே விரும்பி வந்து தேடித்தந்த பெருமை அது.

இனி நம் பாரத நாட்டைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தாமே விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். 2005-இல் தொடங்கிய ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’ அட்டை இங்கே வந்துபோகவும் தங்கித் தொழில் செய்யவும் உதவுமேயன்றி, முழுக் குடியுரிமை ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட் உடையவரே நாட்டணியில் ஆடலாம் என்று விளையாட்டு அமைச்சகமும் 2008-இல் வகுத்துவிட்டது. ஆகவே, ஃபிஃபாவின் விதிப்படி பாட்டன் பாட்டியின் பிறப்பால் தொடர்புடைய எத்தனையோ வெளிநாட்டு இந்தியப் பிள்ளைகளுக்கு வாயில் திறந்திருந்தும், நம் சட்டத்தின் வாயிலைக் கடக்க அவர்கள் தம் மற்றொரு குடியுரிமையைத் துறந்தாகவேண்டும்.

அவ்வாறு துறந்து வந்தவரும் உண்டு. இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் ஜப்பானில் பிறந்த அரட்டா இசுமி, 2012-இல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டு, 2013-இல் இந்தியாவுக்காக ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அந்நாட்டுக்காக ஒரு நட்பு ஆட்டமும் ஆடியிருந்த ரயன் வில்லியம்ஸ், தாய்வழியால் இந்தியத் தொடர்புடையவர். அவரும் 2025-இல் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார்.

அண்டை நாடாகிய வங்காள தேசத்தின் வழி வேறு. இங்கிலாந்தில் பிறந்து அந்நாட்டின் இளைஞர் அணியில் ஆடிய ஹம்ஸா சௌத்ரி தாய்வழியில் வங்காள தேசத்தவர். தம் பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்கவேண்டிய தேவையின்றியே, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபிஃபாவின் அனுமதி பெற்று அவர் வங்காள தேசத்துக்கு மாறினார். 2025-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஷில்லாங் நகரில் அவருடைய முதல் ஆட்டம் நம் நாட்டுக்கு எதிராகவே அமைந்தது, கோலின்றி முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் டாக்கா நகரில் வங்காள தேசம் நம்மை ஒரு கோலால் வென்றது. அதன்பின் நம் நாட்டிலும் இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்னும் குரல் பலமாக எழுந்தது.

இதில் நம் கருத்தைக் கூறிவிடுவோம். குடியுரிமை என்பது வாக்குரிமையும் கடமையும் நாட்டுப் பாதுகாப்பும் கலந்த பெரிய பொருள். ஒரு பந்தயத்தில் தோற்றதற்காக அதை மாற்றுவது கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போக எண்ணியதைப் போன்றதாகும். ஊர்தோறும் சிறுவர்க்கு மைதானமும் பயிற்சியும் கொடுக்காத நாட்டுக்கு வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து என்ன செய்துவிட முடியும்? அதே வேளையில், பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நம் சட்டையை அணிய வருபவரை ‘அங்கே இடமில்லாததால் வந்தவர்’ என்று இகழ்வதும் தகாது. அவர் கொடுத்த விலை என்ன என்பதை, வீடு மாற்றியவர் அறிவார், நாம் அறிவோம்.

ஃபிஃபாவின் விதிகளிலும் குறை இல்லாமல் இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தன் கண்டத்தின் கோப்பையில் இறுதிச் சுற்றில் ஒரு நிமிஷம் ஆடிவிட்டாலும் பிறகு அவன் மாற இயலாது. பிற நாடு அழைத்துக்கொள்ளாதபடி கட்டிவைப்பதற்காகவே இளைஞரைக் களத்தில் இறக்குகிறார்களோ என்னும் ஐயமும் எழுவதுண்டு. ஆயினும், அறுபது ஆண்டுகளில் அவ்விதி நடந்துவந்த திசையை நோக்கினால் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. முதலில் எவரும் எப்படியும் மாறலாம் என்றிருந்தது. பிறகு எவரும் மாறலாகாது என்றாயிற்று. இன்று, மெய்யாகவே இரு வீடு உடையவரையும் விலைக்கு வருபவரையும் வேறுபிரித்து அறிய முயல்கிறது. இரு வீடு உடையவரிடம், “நீ வளர்ந்து தெளிந்தபின் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சொல், அதன்பின் அதில் நில்” என்கிறது. “எந்த நாட்டின்மேல் உனக்கு அன்பு அதிகம்?” என்று அது கேட்பதே இல்லை. பிறந்த இடத்தைக் கேட்கிறது, பெற்றோரைக் கேட்கிறது, வாழ்ந்த ஆண்டுகளைக் கேட்கிறது. அன்பை அளக்கச் சட்டத்தால் ஆகாது என்பதை அது உணர்ந்திருக்கிறது.

பெற்றோராகிய நாமும் அதை உணர்ந்துகொள்ளல் நலம். நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பாரதத்தில் மாநிலத்துக்கொரு குடியுரிமை கிடையாது. நாடு முழுதுக்கும் ஒரே குடியுரிமை. நம் பிள்ளை இம்மாநிலத்தின் அணியில் ஆடினாலும், நாளை தமிழ்நாட்டின் அணியில் ஆடினாலும் எதையும் துறக்கவேண்டியதில்லை. ஆகையால், சனிக்கிழமை மாலையில் நம் மைதானத்தில் இவ்வூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து இவ்வூர் அணிக்காக ஆடும் சிறுவனைக் கண்டு, தமிழை மறந்துவிடுவானோ என்று எவரும் அஞ்சவேண்டா. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தின் தமிழ் வகுப்பில் அமரும் அதே சிறுவனைக் கண்டு, இம்மண்ணோடு ஒட்டாமல் போவானோ என்றும் அஞ்சவேண்டா. “நீ எந்த ஊர்?” என்று கேட்போர்க்கு இரண்டு ஊர்ப் பெயரையும் தலைநிமிர்ந்து சொல்ல அவனைப் பழக்குவோம். எப்போதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டிய நாள் வந்தால், அதை அவனே தேர்ந்துகொள்வான். அவன் தேர்ந்தது எதுவாயினும், ஜாகா சகோதரர்களின் தாயைப்போலப் பார்வையாளர் வரிசையில் சென்று அமர்ந்திருப்பது நம் வேலை.